நீ வந்து தங்கிய நான்கு நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் முழங்கால் வலி தேவலையா? வலியோடு படி ஏறி இறங்காதே, அத்தான் சொன்னாலும் கேட்கமாட்டாய்.

இதை உட்கார்ந்து படி. நானும் அவரும் பிரிந்து பதினான்கு மாதமாகிறது. ஒரே வீட்டில்தான். லேத் பட்டறையை மூடி அவருக்கு வேலை போனபிறகு, வாயைத் திறந்தால் சண்டை. ஒருநாள் இருவருமே ஓய்ந்துபோய், போதும் என்று முடிவெடுத்தோம். இன்னொரு அறைக்கு வாடகை கொடுக்க வழியில்லை. இருக்கிற ஒற்றை அறையின் நடுவே கயிறு கட்டி, பழைய படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டோம். ஜன்னல் பக்கம் நானும் பாப்பாவும், கதவுப் பக்கம் அவர். அடுப்பில் இடது பர்னர் எனக்கு, வலது அவருக்கு. உப்பு மட்டும் பொது. அதற்குப் போய் இரண்டு டப்பா எதற்கு?

போன விடுமுறையில் நீ பார்த்தது என்ன என்று கேட்பாய். நடிப்பு, அக்கா. நீ வருகிறாய் என்றதும் அவரே விரிப்பை அவிழ்த்துத் துவைத்து, உனக்குப் படுக்கப் போட்டார். நான்கு நாளும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவர் ஜோக் அடித்தார், நான் சிரித்தேன். பஸ் ஏறும்போது, "காசு இல்லாட்டி என்னடி, உங்கள மாதிரி ஒத்துமையா யாரு இருக்கா" என்று என் கன்னத்தைத் தட்டினாய். வெட்கமாக இருந்தது. உன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களுக்குக் குறைந்த வாடகையில் அறை தருகிறார்கள். ஒன்று காலியாகிறது. கோர்ட்டில் பிரிவு மனு போட்ட தாளை மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டும். இலவச சட்ட உதவி மையத்து வக்கீலம்மா மனு எழுதித் தந்தார். ஒரே கூரைக்குள் இருந்தாலும் பிரிந்து வாழ்ந்தது செல்லுமாம். ஆனால் வீட்டுக்குள் வந்து தங்கிய ஒருவர் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டுமாம். இந்த வருஷம் உள்ளே வந்து தங்கியது நீ ஒருத்திதான். உனக்குத்தான் நாங்கள் பொய்யைக் காட்டி அனுப்பினோம். நீ இல்லையென்றால் பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பார்களாம். ஒன்பது வயசுக் குழந்தை அங்கே நின்று என்ன சொல்லும்?

இதில் அவருக்கும் சம்மதம். "அக்காகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு எழுது" என்று நேற்று விரிப்புக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நீ போனதிலிருந்து பாப்பா, "பெரியம்மா மறுபடி எப்ப வருவாங்க" என்று நச்சரிக்கிறாள். உன்மேல் பாசம் என்று நினைத்தேன். போன வாரம்தான் காரணம் சொன்னாள். "அவங்க வந்தா நாம ஒரே ரூமா ஆயிடுவோம்லம்மா."

உன் சாட்சியாக வக்கீலம்மா எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கண்ணை நம்பாதே, என்னை நம்பு. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

நீயும் அத்தானும் நூறு வருஷம் ஒன்றாக இருக்க வேண்டும். மனசு கேட்காமல் பஸ் ஏறிவிடாதே, அக்கா. உன் காலில் விழுகிறேன், வராதே. நீ வாசலில் நின்றால் பாப்பாவே விரிப்பை அவிழ்த்துவிடுவாள். திரும்ப அதைக் கட்ட எனக்குத் தெம்பில்லை.

உன் தங்கை