ஐந்து மணிகளில் இரண்டாவது

3 மே 1976

பேராசிரியர் அர்த்தநாரி இன்று என்னை ஊக்கப்படுத்தினார். "டிசம்பர்ல புனா மாநாடு. அதுக்குள்ள எதையாவது காட்டலைன்னா இந்த வேலையை மூடிரலாம் கமலா. கல்யாணம் பண்ணிக்கிட்டு நிம்மதியா இரு." நாலு வருட ஆராய்ச்சிக்கு இவ்வளவு கரிசனம் வேறு எந்தக் கல்லூரியில் கிடைக்கும்?

மூளை தானே தயாரிக்கும் வலிமருந்து ஒன்றைப் போன வருடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐந்து அமினோ அமிலங்கள், ஐந்து மணி கோத்த சரம் போல. அபினியிலிருக்கும் மார்ஃபீன் நரம்பணுவின் எந்த ஏற்பியில் போய் உட்காருமோ அதே ஏற்பியில் இதுவும் உட்காருகிறது. ஆனால் உட்கார்ந்த சூட்டோடு உடம்பின் நொதிகள் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவே வெட்டிவிடுகின்றன. முதல் மணி டைரோசின். அதைத் தொட்டால் ஏற்பி நம்மைச் சீந்தாது. அதனால் இரண்டாவதான கிளைசினைக் கழற்றிவிட்டு, அலனின் என்ற வேறொரு மணியின் கண்ணாடிப் பிம்பத்தைக் கோக்கப் போகிறேன். வெட்டுகிற நொதிக்குப் பிடி கிடைக்காது. ஏற்பிக்குப் பிடிக்குமா? பிடித்தால் பட்டம். பிடிக்காவிட்டால் மாமா கொண்டுவந்திருக்கும் பொள்ளாச்சி ஜாதகம்.

20 மே

விலங்குக் கூடத்தில் வெயிலுக்கு ஏழு கினிப் பன்றிகள் போய்ச்சேர்ந்தன. பச்சைப்புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. மீதிப் பன்னிரண்டையும் வேலந்தாவளத்தில் எங்கள் தோட்டத்தில் வைத்து வளர்க்கிறேன் என்றேன். தன்னை எதுவும் செய்யச் சொல்லாத யோசனை என்பதால் பேராசிரியர் உடனே ஏற்றுக்கொண்டார்.

மலையாளத்து எல்லைச் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்திக் கூடையைத் திறந்தார்கள். "இதெந்தா ஜந்து?" அதிகாரியின் பதிவேட்டில் ஆடு, மாடு, கோழிக்குத்தான் இடம் இருந்தது. நெடுநேரம் யோசித்து 'முயல்' என்று எழுதிக்கொண்டார். காதைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

13 ஜூன், ஞாயிறு

ஊரில். அம்மா புகார் வாசித்தாள். "ஏங்கண்ணு, இந்தச் சீமை எலிக பொழுதுக்கும் கத்துதுங்க. வவுத்தாலயும் போவுது." குதிரைமசால் தழை அறுத்துப் போடச் சொன்னேன். "நாம் பாத்துக்கறேன், நீ உன்ற வேலையப் பாரு" என்றாள். பார்க்கிறேன்.

2 ஆகஸ்ட்

சரம் தயார். இரண்டு மாதம் கண்ணெரிந்து செய்தது ஒரு சிட்டிகைப் பொடி. தும்மினால் போச்சு.

9 ஆகஸ்ட்

முதல் சோதனை. ஊரிலிருந்து கொண்டுவந்த பன்றியின் குடலில் விரல்நீளத் துண்டு, உப்புநீரில். மின்சாரம் தொட்டால் அது துடிக்கும், புகை பூசிய காகிதத்தில் முள் கோடு போடும். மருந்து ஏற்பியில் உட்கார்ந்தால் துடிப்பு அடங்கும். மார்ச்சில் கல்லூரிப் பன்றிகளிடம் மாற்றாத பழைய சரத்தைப் போட்டபோது அழகாக அடங்கியது.

இன்று என் புதுச் சரத்தைப் போட்டேன். குடல் பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருந்தது.

விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் சுவக்கீன் சித்திரபுரத்துக்காரர். ஆறுதல் சொல்ல வந்தார். "விடுங்கக்கா. ஆனா ஒங்க ஊரு பன்னிக நல்லா வளந்துருக்கு. கூடையில என்னமா சொகமாத் தூங்குது!" தோட்டத்துக் காற்று என்றேன், பெருமையாகவே.

30 ஆகஸ்ட்

மறுபடியும் இல்லை.

20 செப்டம்பர்

இல்லை. எட்டாவது பன்றி. அழுதேன். எதற்கு மறைக்க, என் டயரிதானே.

மார்ஃபீன் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கேட்டேன். அது பூட்டிய அலமாரியில் இருக்கிறது. எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும், மூன்றாவது கையெழுத்து டெல்லி போயிருக்கிறது. "எதுக்கும்மா? தெரிஞ்ச விஷயம்தானே" என்றார் பேராசிரியர்.

4 அக்டோபர்

புனாவுக்குக் கட்டுரைச் சுருக்கம் போய்விட்டது: "இரண்டாவது அமினோ அமிலத்தை மாற்றினால் ஏற்பியுடன் பிணைப்பு அற்றுப்போகிறது." கீழே என் பெயரும். என் தோல்வியைப் பேராசிரியர் எத்தனை நல்ல இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்!

3 நவம்பர்

கப்பல் தபாலில் பத்திரிகை வந்தது. வெளிநாட்டில் ஒரு குழு அதே இரண்டாவது மணியில் அதே அலனினைக் கோத்திருக்கிறது. பிரமாதமாகப் பிணைகிறதாம், நொதியும் வெட்டவில்லையாம். முதலில் செய்தவள் என்ற பெயர் போயிற்று. போகட்டும். அவர்கள் பன்றிக்குப் பிடித்தது எங்கள் பன்றிக்கு ஏன் பிடிக்கவில்லை?

"அங்கத்திய சீதோஷ்ணம் வேற" என்றார் பேராசிரியர். மூன்று கையெழுத்தும் வாங்காமல் நகர மாட்டேன் என்று அவர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

5 நவம்பர்

மார்ஃபீனைப் போட்டேன். துடிப்பு அடங்கவில்லை! மார்ஃபீனுக்கே அடங்காத குடலா? மார்ஃபீனை ஏற்பியிலிருந்து பிடுங்கித் தள்ளும் நலாக்சோனை ஊற்றினேன். குடல் சுருண்டு முறுக்கிக்கொண்டது, முள் காகிதத்தை விட்டே வெளியே போய்விட்டது. மாதக்கணக்கில் அபினி தின்று பழகிய உடம்புதான் இப்படிச் செய்யும்.

தவறு என் சரத்தில் இல்லை. பன்றிகள் போதைக்கு அடிமை. யாரால்?

6 நவம்பர்

முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

"எலிகளுக்கு என்னம்மா குடுத்தே?"

"மசாலுதான். கூட ஒரு முடக்கு போஸ்தக்காய்த் தண்ணி. வவுறும் நின்னுது, சத்தமும் நின்னுது. ஒரு நா உட்டாலும் ஒரே ரகளை கண்ணு, அதுனால தெனமும் ஊத்தீட்டேன்."

போஸ்தக்காய் அபினிச் செடியின் காய்ந்த காய். கைக்குழந்தைக்கு வயிறு போனால் எங்கள் பக்கம் அதன் விதையான கசகசாவை அரைத்துக் கொடுப்பார்கள். அம்மா ஒருபடி மேலே போயிருக்கிறாள். கண்ணீர் வரச் சிரித்தேன். பிறகுதான் கேட்டேன், வீட்டில் அது ஏது?

"எனக்கு வாங்குனதுதான். இடுப்புல இருந்து காலுக்கு இழுத்துட்டே கெடக்குது. அதக் குடிச்சாத்தான் காட்டுல நிக்க முடியுது."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையேம்மா?"

"நீதான் வலிக்கு மருந்து செய்யறயே. செஞ்சதும் குடுப்பேன்னு இருந்தேன்."

சிட்டிகைப் பொடி. குடல் துண்டுக்கு. எப்படிச் சொல்வது? வெட்கமாக இருக்கிறது.

29 நவம்பர்

குன்னூரிலிருந்து ஆறு பன்றிகள் வாங்கிவந்தார் சுவக்கீன். அபினி வாடை அறியாதவை. என் சரத்தில் ஒரு துளி விட்டதும் முள் படுத்துக்கொண்டது. பழைய சரம் விட்ட குடல் சீக்கிரமே மறுபடி துடித்தது. புதுச் சரம் விட்டது நெடுநேரம் அசையவில்லை. ஆறிலும் அப்படியே.

1 டிசம்பர்

புனா கட்டுரையைத் திருத்தியாக வேண்டும். பழைய பன்றிகளை 'நோயுற்றவை' என்று தள்ளிவிடலாம் என்கிறார் பேராசிரியர். "உங்கம்மா அபினி குடுத்தாங்கன்னு எழுதுவியா? வெளியில சிரிப்பாங்க." எழுதினேன். முள் கோடு போட்ட காகிதங்களையும் ஒட்டினேன். சிரிக்கட்டும்.

20 டிசம்பர்

புனாவில் இன்று 'எங்கள் கண்டுபிடிப்பு'. பேராசிரியர் என்னையும் கூப்பிட்டார், போகவில்லை. அம்மாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஏதோ நிழல். இன்னும் சோதிக்க வேண்டுமாம்.

எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். நான் ஆறு மாதம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இவ அந்தப் பெரிய படிப்புக்குச் சேர்ந்த வருசத்துல இருந்துங்க" என்றாள் அம்மா. "வலிக்கு மருந்து கண்டுபுடிக்கறாளுங்க எம்புள்ள."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வெறும் கெமிஸ்ட்ரிதான்" என்றேன்.