அப்பா எங்க இருக்காரு?

மில்லினாக்கெட், மெய்ன்
மார்ச் 3, 1999

ரொவீனாவுக்கு,

நேற்று போலீஸ்காரன் மரம் ஏற்றிப் போன என் லாரியை ஓரங்கட்டினான். "டெல்பர்ட், உன் லைசென்ஸ் செல்லாதுப்பா. பிள்ளைக்குக் கட்டவேண்டிய ஜீவனாம்சம் பாக்கியாம். எறங்கு" என்றான். கூட வேலை செய்கிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். லாரி ஓட்டாமல் நான் எப்படிக் கட்டுவது? விவாகரத்துக் கேட்டாய், கொடுத்தேன். இன்னும் என்ன வேண்டும்?

ஜோலினுக்கு என் முத்தம்.

டெல்பர்ட்


பாங்கோர்
மார்ச் 11

டெல்பர்ட்டுக்கு,

நலமா என்று கேட்டால் எரிந்து விழுவாய். இருந்தாலும் கேட்கிறேன்.

லைசென்ஸைப் பிடுங்கச் சொன்னது நானில்லை. ஜோலினுக்கு மூச்சிளைப்பு அதிகமாகி, மருந்துக்காக அரசு உதவி கேட்டுப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் முதலில் கேட்டதே, "கொழந்தையோட அப்பா எங்க இருக்காரு?" என்பதுதான். அரசு கொடுக்கிற உதவியை அப்பாவிடமிருந்து வசூலிப்பார்களாம். அதன்பிறகு அது என் வழக்கில்லை, அரசாங்கத்தின் வழக்கு. நான் வேண்டாமென்றாலும் நிற்காது.

வருமானம் குறைந்துவிட்டதென்று சொல்லி, தொகையைக் குறைக்கக் கேட்கலாமாம். கட்ட ஆரம்பித்தால் லைசென்ஸும் திரும்பி வருமாம். அந்த அலுவலகத்துக்கு நேரில் போ. கதவை மட்டும் அறைந்து சாத்திவிட்டு வராதே.

ரொவீனா


கிராண்ட் ஐலண்ட், நெப்ராஸ்கா
ஜூன் 20

ரொவீனாவுக்கு,

போனேன். நம்பர் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். என் முறை வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். அங்கே உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். வருமான வரியில் எனக்குத் திரும்பி வரவேண்டியதையும் பிடித்துக்கொண்டார்கள்.

ஊரைவிட்டே வந்துவிட்டேன். இங்கே வீடுகளுக்குக் கூரை போடுகிற வேலை. கூலி கையில், எந்தக் கணக்கிலும் ஏறாது. முதலாளி, "உன் முழுப் பேரே எனக்கு வேணாம்பா" என்கிறான். நான் இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லாதே. ஜோலின் எழுதினால் அனுப்பு.

டெல்பர்ட்


பாங்கோர்
ஜூலை 9

டெல்பர்ட்டுக்கு,

ஜீவனாம்ச அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அவர் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா மேடம்?" தெரியாது என்றேன். பக்கத்தில் ஜோலின் நின்றிருந்தாள்.

"ஏம்மா பொய் சொன்ன? அப்பா நெப்ராஸ்காலதானே இருக்காரு?"

"சும்மா இரு."

"அப்பா ஏதாவது தப்புப் பண்ணிட்டாரா?"

அதன்பிறகு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. நேற்று நானே போய் உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.

அவர்களுடைய காகிதம் வருமுன் இது உன் கைக்கு வரவேண்டுமென்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஓடினால் நான் தேடமாட்டேன். ஆனால் உனக்காக இனிமேல் பொய் சொல்லமாட்டேன்.

ரொவீனா


கிராண்ட் ஐலண்ட்
ஆகஸ்ட் 14

ரொவீனாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் கொடுக்கிற பெண், "எந்த ஊருக்கு?" என்றாள். வாயில் ஒரு ஊர்ப் பெயரும் வரவில்லை. பின்னால் நின்றவன், "சொல்லித் தொலைய்யா, பஸ் போயிடும்" என்றான். வரிசையிலிருந்து விலகி, நடந்தே அறைக்குத் திரும்பினேன்.

காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இப்போது தானியக் கிடங்கில் வேலை, என் முழுப் பெயரில். சம்பளத்தில் அவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் எனக்கு வருகிறது. இங்குள்ள அலுவலகத்தில் தொகையைக் குறைக்கக் கேட்டிருக்கிறேன். இந்த முறை என் நம்பர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை. அதனால் இனி உனக்கு எழுதமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்கிறேன். ஜோலினை எடுக்கச் சொல்.

டெல்பர்ட்