ஐம்பத்தெட்டும் அறுபத்துமூன்றும்

நவம்பர் 9, ஞாயிறு

இன்று நாணயம் சேர்ப்பவர்களின் கூட்டம் உதியன்குளங்கரையில், ஸ்டீபன் வீட்டு மாடியில் நடந்தது. காசின் தரத்துக்கு எழுபது வரை மதிப்பெண் போடும் முறையை நூறாக மாற்ற வேண்டும் என்று ஸ்டீபனே தீர்மானம் கொண்டுவந்தான்.

“நூறுன்னு சொன்னா யாருக்கும் மனசிலாவும், மக்கா. எழுபது என்ன கணக்காக்கும்?”

நான் ஒரு திருவிதாங்கூர் செம்புச் சக்கரக் காசை எடுத்துக் கொடுத்தேன். லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு அறுபத்துமூன்று என்றான். போன மாதம் இதே காசுக்கு அவன் போட்டது ஐம்பத்தெட்டு. அவன் கைப்பட எழுதிய சீட்டை மேசையில் வைத்தேன். ஐம்பத்தெட்டு என்றால் புழங்கிய காசு. அறுபத்துமூன்று என்றால் புழக்கத்துக்கே வராத காசு.

“எலே, ஒரு மாசம் என் அலமாரிக்குள்ள இருந்து இது புதுசாயிட்டா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“அன்னைக்கு வெளிச்சம் கொறவு” என்றான்.

எழுபதிலேயே தடுமாறும் கண்ணுக்கு நூறு எதற்கு? காசின் தரத்தைச் சொல்ல ‘மிக நன்று’, ‘தேய்ந்தது’ என்பது போல ஐந்து சொற்கள் போதும் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். தீர்மானம் தள்ளிப்போனது. எனக்கு டீ தரும்போது மட்டும் ஸ்டீபன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து என்னையே சோதித்தேன். என்னுடைய பத்துக் காசுகளை, உறையில் முன்பு எழுதியதைப் பார்க்காமல், என் ஐந்து சொற்களால் மதிப்பிட்டேன். ஒன்பது அப்படியே ஒத்துப்போயின. பத்தாவதில் பொறித்த சங்கு பாதி அழிந்திருக்கிறது. ‘தேய்ந்தது’தான், சந்தேகமே இல்லை. உறையில் ‘மிக நன்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஸ்டீபன் எனக்கு முதன்முதலில் தந்த காசு அது.

உறையைத் திருத்தத்தான் பேனாவை எடுத்தேன். நாட்குறிப்பில் இந்தப் பக்கம்தான் நிறைந்துவிட்டது. உறை அப்படியே இருக்கிறது.