கைமேல் உட்காரச் சொன்ன டீச்சருக்கு

டீச்சர்,

களம்பூரிலிருந்து வந்த பவானியின் பையைப் பிரித்தேன். துணிகளுக்கு அடியில், பட்டன் போட்டுப் பழக நீங்கள் தைத்துக் கொடுத்த துணி இருந்தது. ஐந்து பட்டன், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நான் வைக்கவில்லை, அவளே வைத்திருக்கிறாள். இருபது வயதுப் பெண் சித்தி வீட்டுக்குப் போனால் பவுடர் டப்பா எடுத்துப் போவாள். நம்ம ஆள் இதை எடுத்துப் போயிருக்கிறாள்.

நீங்கள் இருந்தால் செவ்வாய்க்கிழமை மையத்துக்கு முதல் ஆளாக வந்து சொல்லியிருப்பேன். இல்லை, அதனால் எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

செவ்வாய்தோறும் நம்ம பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க, சந்தவாசல் பஸ்ஸில் வந்து ஆரணியில் இறங்குவீர்கள். பை நிறைய பந்து, கிளிப்பு, மாவு உருண்டை. "பொம்மை விக்கறவங்க வந்துட்டாங்கோ!" என்று மையத்தின் வாசலிலேயே கத்துவேன். "வாங்கக்கா, உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்பீர்கள்.

அப்போது பவானிக்கு ஒன்பது வயது. விரல் அவள் சொன்னபடி கேட்காது. குளிக்க, உடுத்த, சாப்பிட, எல்லாவற்றுக்கும் அம்மா என் கைதான். "எனக்கு ஒண்ணு ஆயிட்டா இவளுக்கு யாரு பட்டன் போடுவா?" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்த வழியைச் சொன்னீர்கள். நாலு பட்டன் நான் போட வேண்டும், கடைசி ஒன்று அவள் போட வேண்டும். அது பழகியதும் கடைசி இரண்டு. "கடைசி பட்டன் அவ போட்டா, முடிச்சது அவதான்க்கா."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கை தறிக்காரி கை. பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் கண்ணிமைக்கிறதுக்குள் முடிச்சுப் போட்டுவிடும். ஒரே பட்டனோடு அவள் கால்மணி நேரம் மல்லுக்கட்டினால் அது பார்த்துக்கொண்டிருக்குமா? ஐந்தையும் நானே போட்டுவிட்டு, அடுத்த வாரம் உங்களிடம் "சூப்பரா போடறா" என்று அளந்தேன்.

ஒரு சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டீர்கள். அவள் இரண்டு கையையும் விரித்து, அலங்காரத்துக்குக் காத்திருக்கிற அம்மன் மாதிரி நின்றாள். கண் மட்டும் என்னைத் தேடியது.

"அக்கா, வூட்ல யாரு போடறது?"

"அவதான்..."

"அக்கா."

"நான்தான். இன்னா பண்ண சொல்றீங்க? என் கை சும்மா கெடக்க மாட்டேங்குது."

"அப்போ அது மேல உக்காருங்க."

தமாஷ் என்று நினைத்தேன். நிஜமாகவே பாயில் உட்கார வைத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகச் சொன்னீர்கள். "கோழி அடை காக்கற மாதிரி கீது" என்றேன். "காத்துக்கினு இருங்க, பொரிக்கும்" என்றீர்கள். கை மரத்துப்போனது. பவானி வேர்த்து விறுவிறுத்து அந்தக் கடைசி பட்டனைப் போட்டாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அடுத்த வருஷம் ஐந்தும் போட்டாள். ஆனாலும் அவளை விட்டு ஒரு நாள்கூட நான் தனியாக இருந்ததில்லை. பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொல்லியும் தள்ளிப்போட்டேன். கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டீர்கள், "எப்பக்கா ஆபரேஷன்?" "கல்லு எங்க ஓடிடப் போவுது?" என்றேன். கல் ஓடவில்லை. மூன்றே நாள் காய்ச்சலில் நீங்கள்தான் போய்விட்டீர்கள்.

போன வாரம் வலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். பவானியைத் தங்கச்சி களம்பூருக்குக் கூட்டிப் போனாள். ஆபரேஷனைவிட, அங்கே அவள் சட்டைக்கு யார் பட்டன் போடுவார்கள் என்பதுதான் பயம். ஆபரேஷன் முடிந்த மறுநாள் தங்கச்சி போன் செய்தாள். "யக்கா, என்னை தொடவே வுடல. அவளே குளிச்சி, அவளே போட்டுக்கினா. நான் போனா முறைக்கறா!" தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன், டீச்சர். பத்து வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பித்தப்பைக் கல்லை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள், பட்டாணி அளவுகூட இல்லை.

இன்று காலை நைட்டி பட்டன் போடக் கையைத் தூக்கினேன், தையல் இழுத்தது. பவானி வந்து என் கையைத் தள்ளிவிட்டாள். மேலிருந்து ஒவ்வொன்றாக நாலு பட்டன் போட்டாள். ஐந்தாவதை விட்டுவிட்டு எதிரே பாயில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

போட்டேன், டீச்சர். வேண்டுமென்றே மெதுவாகப் போட்டேன்.