ஆள் அனுப்பாத செய்தி

2007 ஏப்ரல் 22, ஞாயிறு

வீட்டுக்குப் போன் வந்துவிட்டது. வருஷப் பிறப்புக்குச் சேலை எடுத்துத் தருகிறேன் என்று சொன்ன மனுஷன், பலாங்கொடையில் நிலாம் நானா கடைக்குப் போய்ப் போனை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். கேட்டால், "சேலைய காதுல வச்சுப் பேச முடியுமா கலா?" என்கிறார். கட்டிக்கொண்டவரிடம் எதைச் சொல்ல.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளுக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள பெரிய கல்லில் ஏறி நின்றால்தான் கிடைக்கிறது. அம்மாவை நானும் இவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஏற்றினோம். முதல் கோல் அண்ணனுக்கு. அண்ணன் நிவித்திகலப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார், போன பொங்கலுக்கே போன் வாங்கிவிட்டார். அம்மா, போன் இல்லாமலே நிவித்திகலவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். "அழகமுத்து, சாப்பிட்டியாப்பா?" போனை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். நானும் கொஞ்சம் அழுதேன்.

2007 ஜூன் 3, ஞாயிறு

ஞாயிறு தவறாமல் அண்ணன் பேசுகிறார். முன்பெல்லாம் சம்பளம் போட்ட மறு ஞாயிறு அவரே வருவார். இரத்தினபுரியில் ஒரு பஸ் மாறி, பலாங்கொடையில் ஒரு பஸ் மாறி, தோட்டத்து ரோட்டில் நடந்து, பகல் சோற்றுக்கு வந்து சேர்வார். அம்மா காலையிலிருந்தே வாசலில் இருப்பாள். இப்போது அந்த அலைச்சல் இல்லை. நல்லதுதானே?

2007 ஆகஸ்ட் 5, ஞாயிறு

இன்றைக்குக் கேட்டேவிட்டேன். "அண்ணே, எப்பதான் வாரீங்க?"

"அதான் வாராவாரம் பேசுறோமே கலா. வந்தா மட்டும் என்னா, இதையேதான் பேசப் போறோம்."

சண்டை நடக்கிற நேரம், பஸ்ஸில் செக்கிங் வேறு. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டால் இறக்கி நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். அதுவும் உண்மைதான். அம்மாவிடம், அண்ணனுக்கு வேலை கூடவாம் என்று சொல்லிவைத்தேன். அம்மா தலையை ஆட்டினாள். நம்பின மாதிரி தெரியவில்லை.

2007 செப்டம்பர் 18, செவ்வாய்

கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. எனக்கென்று பிள்ளை இல்லை, ஆனால் பகல் முழுக்க என் இடுப்பு காலியாக இருந்ததும் இல்லை. புதிதாக ஒரு பெண் குழந்தை வருகிறது. தாய் குவைத்துக்குப் போய்விட்டாள், தகப்பன்தான் கொண்டுவந்து விடுகிறான். நான் போனை வெளியே எடுத்ததும் "அம்மா" என்று தத்தித் தத்தி ஓடி வந்து பிடுங்குகிறது. என்னை அல்ல, போனைத்தான் அம்மா என்கிறது. காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிறது. நான் அதை வாங்கவில்லை. உறங்கினபிறகுதான் கையிலிருந்து எடுத்தேன்.

சாயங்காலம் கல்லைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வேலை விட்டு வந்தால் மாரியம்மன் கோயில் முன்னால் ஒரே கூட்டமாக உட்கார்ந்து ஊர் வம்பு பேசுகிற ஆம்பிளைகள், இப்போது கல்லில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுத் தொரையும் அதில் ஒருத்தர்.

2007 நவம்பர் 8, வியாழன்

தீபாவளி. அண்ணன் போனில் வந்தார்.

2007 நவம்பர் 11, ஞாயிறு

அம்மா கல்லுக்கு ஏற மாட்டேன் என்றுவிட்டாள். முழங்கால் வலியாம். நான் மட்டும் போய்ப் பேசிவிட்டு வந்து, அண்ணன் உங்களைக் கேட்டார் என்றேன்.

"கொரலு வருது, ஆளு வரலியே" என்றாள். "மெலிஞ்சானா தடிச்சானான்னு கொரல்ல தெரியுமாடி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணன் மேல் வந்த கோபத்தை அம்மாவிடம் காட்டினேன்.

2008 பெப்ரவரி 10, ஞாயிறு

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. போன கிழமை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ரொம்ப முடியலன்னு சொல்லு, ஓடி வந்துருவான்" என்றாள். முகத்தைப் பார்த்தபோது மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. வெள்ளிக்கிழமை சொன்னேன். சனிக்கிழமை பகல் அண்ணன் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார். சட்டை நனைந்து, கண் சிவந்து. அம்மா அடுப்படியில் ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தாள்.

முதலில் சிரித்தார். அம்மா அவர் கன்னத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தாள். "மெலிஞ்சிதான் போயிட்ட" என்றாள். சாப்பிட்டு எழுந்த பிறகுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வழியெல்லாம் செத்துச் செத்துப் பொழச்சி வந்தேன் கலா. இனிமே இந்த வெளையாட்டு வேணாம்." அம்மா சொல்லித்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தில் இரண்டு நாளாக ஒரு வெளிச்சம் இருக்கிறது.

2008 ஜூன் 8, ஞாயிறு

அம்மாவுக்கு இந்த முறை உண்மையாகவே முடியவில்லை. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. கஞ்சி இறங்கவில்லை. அண்ணனிடம் சொன்னேன்.

"நெசமாவா? போன தடவ மாதிரியா?"

"நெசமாத்தாண்ணே."

"சரி, அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார்.

2008 ஜூன் 12, வியாழன்

செவ்வாய்க்கிழமை விடியும்போது அம்மா போய்விட்டாள்.

கை ஓடவில்லை. நடந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

பெரியப்பா மகன் காத்தமுத்து அண்ணன், நிவித்திகலவுக்குச் சாவு சொல்லப் போகிறேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். இவர்தான் மறித்தார். "நீங்க போய்ச் சேர பொழுது சாஞ்சிரும். வழில செக்கிங் வேற. போன் இருக்கும்போது என்னாத்துக்கு அலையணும்?" எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது. எனக்கும்.

கல்லுக்கு ஏறினோம். கீழே லயத்தில் சாவுக்குத் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போனில் விழக் கூடாது என்று இவர் கையால் மறைத்துக்கொண்டு பேசினார். செத்த செய்தியைச் செத்தது என்று மகனிடம் நேரே சொல்வது எங்களில் வழக்கமில்லை. "மச்சான், அம்மாவுக்கு ரொம்பக் கடும். கையோட பொறப்பட்டு வாங்க" என்றார். நான் பக்கத்தில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். என் அழுகை அண்ணனுக்குக் கேட்கக் கூடாது. ரப்பர் காட்டில் தனியாக நிற்கிற மனுஷன், கேட்டால் தாங்குவாரா? "சரி மச்சான், வாரேன்" என்று அண்ணன் சொன்னது எனக்கே கேட்டது. அதோடு லைன் போய்விட்டது.

அன்றைக்குப் பொழுது சாயும்வரை ரோட்டைப் பார்த்தோம். போன் எடுத்தால் சிங்களத்தில் ஒருத்தி ஏதோ சொல்கிறாள், பிறகு தமிழில் அதையே சொல்கிறாள், தொடர்பு இல்லையாம். வந்துகொண்டிருப்பார், எங்கேயோ செக்கிங்கில் இறக்கிவிட்டிருப்பார்கள் என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். நேற்றுப் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. இனியும் வைத்திருக்க முடியாது என்றார்கள். மகன் உடைக்க வேண்டிய குடத்தைக் காத்தமுத்து அண்ணன் உடைத்தார். மொட்டை போட்டதும் அவர்தான். அம்மா பெற்றது ஒரே ஆண்பிள்ளை.

அண்ணனுக்கு என்ன ஆனதோ. பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ. ஒரு சாவை வைத்து அழுவதா, இன்னொன்றை நினைத்துப் பயப்படுவதா?

2008 ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் வந்தார்.

பகல் நேரம். தோட்டத்து ரோட்டில் வருவதைக் கொழுந்து மலையிலிருந்து யாரோ பார்த்துச் சொன்னார்கள். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அவசரம் இல்லாமல்தான் நடந்து வந்தார். ஒரு கையில் ஹோர்லிக்ஸ் போத்தல், மறு கையில் தோடம்பழப் பை. இந்த மனுஷனுக்குத் தெரியாது. இன்னும் தெரியாது.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எங்க ஒங்க நோயாளி? இன்னிக்கும் ரொட்டிதானா?" என்றார். சிரித்துக்கொண்டு. பிறகு உள்ளே விளக்கைப் பார்த்தார். அம்மா படுக்கிற இடத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

ஐயோ அம்மா. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது.

2008 ஜூன் 16, திங்கள்

நேற்று அண்ணன் இவரிடம் கேட்டது இதுதான். "கடும்னுதானே சொன்னீங்க? போன தடவையும் அதத்தானே போன்ல கேட்டேன்? ஞாயித்துக்கெழம வாரேன்னு தங்கச்சிக்கிட்ட சொல்லியிருந்தேன், அதான் வாரேன்னேன். பெட்டரி செத்துப்போயி, சார்ஜுக்குக் கடைல குடுத்துட்டேன். ஒரு ஆள அனுப்பக் கூடாதா மச்சான்? ஒரு ஆள் வந்து என் வாசல்ல நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?"

அன்றைக்கு இவர் சொன்னது சரியான வார்த்தைதான். சாவு சொல்லப் போகிறவனும் அதையேதான் சொல்வான். ரொம்பக் கடும், கையோட வரச் சொன்னாங்க என்பான். ஆனால் அவன் வேலை நாளில் வேறு தோட்டத்திலிருந்து வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், கண்ணைப் பார்க்காமல் நிற்பான். அவன் வாய் திறக்கும் முன்னமே வீடு அழத் தொடங்கிவிடும். அவனே கூட்டிக்கொண்டும் வருவான், வழியில் விழாமல் பிடித்துக்கொள்வான். நாங்கள் அந்த ஆளை விட்டுவிட்டு அவனுடைய வார்த்தையை மட்டும் அனுப்பினோம்.

நான் அன்றைக்கு வாயை அடைக்காமல் இருந்திருக்கலாம். ஒரு கத்து கத்தியிருந்தால் போதும், என் அண்ணன் தாய் முகத்தைப் பார்த்திருப்பார். கேட்கக் கூடாது என்று நின்றேனே. பாவி, கேட்கக் கூடாது என்றே நின்றேனே!

தோடம்பழத்தைக் காம்பராப் பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுத்தேன்.

2008 ஜூன் 26, வியாழன்

நேற்றுக் கருமாதி. அண்ணன் வந்தார், மொட்டை போட்டார், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. இன்றைக்குக் கோல் எடுத்தேன். அண்ணி எடுத்தார். "அவுங்க போனத் தொடுறதில்ல கலா. என்னைக் கொடுமைப்படுத்தாத" என்றார்.

2008 ஒக்டோபர் 27, திங்கள்

இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. அண்ணன் வீட்டிலும் இல்லை. இரண்டு வீட்டிலும் தனித்தனியாக இல்லை.

2009 மார்ச் 4, புதன்

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வாசல் இருட்டியது. நிமிர்ந்தால் ஒரு ஆள். வெளுத்த சாரமும் சட்டையும், கையில் குடை, எங்கள் தோட்டத்து ஆள் இல்லை. "நீங்கதான விஜயகலா? நிவித்திகலயிலருந்து வாரேன். ஒங்க அண்ணே அனுப்புனாரு" என்றார். என்னை நேராகப் பார்க்கவில்லை.

சோற்றுத் தட்டு விழுந்தது எனக்குத் தெரியாது. "அண்ணே!" என்று நான் கத்தினது மலைக்குக் கேட்டதாம். அண்ணன்தான் அனுப்பினார் என்று அந்த ஆள் சொன்னது காதில் ஏறினால்தானே? தரையில் அடித்துக்கொண்டு அழுதேன். என்னைப் பார்த்துக் குழந்தைகளும் ஒன்று விடாமல் அழுதன. மலையிலிருந்து பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள்.

அந்த மனுஷன் பாவம், குடையைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, அக்கா, அழாதீங்க. நல்ல செய்திக்கா. ஒங்க அண்ணே மக ஜீவராணி பெரியபுள்ள ஆயிருச்சி. ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்துறாங்க. அத்தை வந்துதான் மொதல் தண்ணி ஊத்தணும்னு அண்ணே சொல்லி அனுப்புனாரு."

நல்ல செய்தி என்று தெரிந்த பிறகும் அழுகை நிற்கவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் சொன்னேன். கேக்கல. நல்லதோ கெட்டதோ, என் தங்கச்சிக்கு ஆள்தான் போகணும்னுட்டாரு."

தங்கச்சி என்றே சொன்னாரா என்று இன்னொரு தடவை கேட்டேன். ஆமாம் என்றார்.

2009 மார்ச் 9, திங்கள்

நேற்று ஜீவராணிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிள்ளை இல்லாதவளா மொதல் தண்ணி ஊத்துறது என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அண்ணன் செம்பை எடுத்து என் கையில் வைத்தார். கிளம்பும்போது, போய்ச் சேர்ந்ததும் கோல் எடுங்க அத்தை என்றது பிள்ளை. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். இவருக்கும் அவருக்கும் நடுவில் நான். பலாங்கொடை தாண்டும்போது, "கடேசில அம்மா என்னா கேட்டுச்சி?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலண்ணே" என்றேன். பொய்தான். இவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

2009 ஏப்ரல் 26, ஞாயிறு

அண்ணன் வந்தார். இனிமேல் சம்பளம் போட்ட மறு ஞாயிறெல்லாம் வருவாராம். நெத்தலிக் கருவாடு வதக்கி வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டார், மெலிவு கொஞ்சம் தேறியிருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் போன நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பகலில் அவர் வருவதற்கு முன்னால் நான்தான் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நிற்க வேண்டிய இடம்.