கருமாதி முடிந்த ஜக்கம்மா

அனுமந்தன்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பவானிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி மாரிசெல்வமும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க சுருளி வேலப்பர் துணை. திராட்சைக்கு இந்தத் தடவையும் சாம்பல் நோய், நெல் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் நடந்ததைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சங்கிலியம்மாள் அத்தை மகள் ஜக்கம்மாவை மறந்திருக்க மாட்டாய். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், உன் தம்பியைப் போலவே பேச்சு வராது. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது, கேரளா எஸ்டேட்டில் பெரியம்மா வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள், அங்கேயே அடக்கம் பண்ணியாச்சு என்று அத்தை சொல்லி, இங்கே கருமாதி நடந்து நாமெல்லாம் சாப்பிட்டு வந்தோம். அப்புறம் அவர்கள் வீட்டை ஒட்டிய நம் கொல்லைப்பக்க அறைச் சுவரில் சத்தம் கேட்கிறது, ஜக்கம்மா இன்னும் போகவில்லை என்று தெருவில் பேச்சு. அதற்குப் பயந்துதான் அந்த அறையில் யாரும் படுக்காமல் நெல் மூட்டை அடுக்கினோம். இந்தத் தடவை அறுத்த கையோடு நெல்லை விற்றதால் அறை காலியாகி, உன் தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் சாப்பிட்டதும் சுவரில் கன்னத்தை ஒட்டி ம்ம் என்று இழுப்பான், விரல் முட்டியால் தட்டுவான். ஒரு நாள் தட்டை எடுக்கப் போன உன் அம்மா, அவன் நிறுத்தியதும் சுவர் திருப்பித் தட்டியதைக் கேட்டுவிட்டாள். நான் போய்க் காதை வைத்தேன். அவன் இழுத்த அதே ம்ம், அதே மாதிரி உள்ளிருந்து வந்தது. அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினாள், அவன் பிய்த்துப்போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி சுவருக்குப் போய்விட்டான்.

வாரா வாரம் சமுதாயக் கூடத்தில் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் கூட்டம் போட்டு வகுப்பு எடுக்கிற யுவராணி டீச்சரிடம் சொன்னேன். வாய் பேசாத பிள்ளைகள் எழுப்புகிற சத்தமும் பேச்சுதான், அடக்காமல் பதில் கொடுங்கள் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். வந்து சுவரில் காது வைத்து, தானும் தட்டிப் பார்த்தார். பிறகு, “ஐயா, இது பேயில்ல. உங்க பையன் மாதிரி ஒரு ஆளு அங்கன இருக்காக” என்றார். பேயாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது எனக்கு.

டீச்சரும் நானும் உன் தம்பியும் அத்தை வீட்டுக்குப் போனபோது அவள் வாசலை மறித்து நின்று, மாலை போட்ட மகள் படத்தைக் காட்டினாள். டீச்சர் குற்றமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, கூட்டத்துக்கு வாங்க, அங்கே எல்லோரும் உங்களைப் போலப் பெற்றவர்கள்தான் என்றார். அதற்குள் தம்பி எங்களைத் தாண்டிப் போய்ப் பூட்டிய கதவில் தட்டினான். உள்ளிருந்தும் தட்டல் வந்தது. அத்தை இடுப்புச் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இப்படி ஒரு தங்கச்சி இருந்தா எம் மூத்த மகனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னாக அண்ணே. அதான் மக செத்துட்டான்னு சொன்னேன். பெறகு எந்த வாயால உசுரோட இருக்கான்னு சொல்ல?” என்றாள்.

கதவு திறந்தது. முகமெல்லாம் உள்ளங்கை போல வெளுத்து, முடியை ஒட்ட வெட்டி, துவைத்த நைட்டியில் சுத்தமாக வந்தாள் ஜக்கம்மா. அத்தை ஒரு நாளும் அவளைப் பட்டினி போட்டதில்லை. எங்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. மாலை போட்ட தன் படத்துக்கு நேரே போய் நின்றுகொண்டாள்.

இப்போது தாயும் மகளும் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவள் நடந்து வந்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுப்புத்தாய் சித்தி அவள் கையைத் தொட்டு, சூடு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் காப்பி கொடுத்தாள். இது நடந்ததிலிருந்து பெற்றவர்கள் நாங்களே ஊர் ஊராகப் போய்க் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறோம். நேற்று மார்க்கையன்கோட்டையில் ஒரு வீட்டுக்காரர், நானும் சம்சாரமும் மட்டும்தான், அப்படி யாரும் இங்கே இல்லை என்று மரியாதையாகச் சொல்லி மோர் கொடுத்தார். குடித்துக்கொண்டே பார்த்தேன். கொடியில் சட்டைகள் காய்ந்தன, கைக்குழந்தைக்குப் போடுவது போல முதுகுப் பக்கம் நாடா வைத்தவை, ஆனால் என் உயர ஆளுக்குத் தைத்தவை; வீட்டுக்காரர் என் தோளுக்குக்கூட வரமாட்டார். டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்தேன். நாளை மறுபடி போகிறேன்.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு வெளியே போகாதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இருவரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா
சுருளிவேல்