கழுவிக் கொட்டிய ஏழு தொட்டிகள்

வைகைக் குடியிருப்பு, செவ்வாய்க் கிரகம். பள்ளிப் பதிவு.
எழுதுபவர்: பவளக்கொடி, உயிரியல் ஆசிரியை.

நாள் 611, 09:10

காற்றழுத்தம் சீர். ஆக்சிஜன் இருபத்தொரு சதவீதம். வகுப்பறைத் தொட்டிகள் ஏழும் நலம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ரகப் பாசி. ஒன்று குளிரைத் தாங்கும், ஒன்று உப்பைத் தாங்கும், ஒன்று சுத்த சோம்பேறி. எட்டாம் வகுப்புக்குப் பரிணாமம் நடத்த இவற்றை வளர்க்கிறேன்.

பெரிய கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் மூச்சுக்காற்று தருவது ஒரே ரகம். விளைச்சல் அதிகம் என்று அதையே நகலெடுத்து நிரப்பியிருக்கிறார்கள். அந்தப் பாசியை அழிக்கும் பூஞ்சைக்கு வாராவாரம் அதே மருந்து, அதே அளவு. மருந்துக்குத் தப்பிய பூஞ்சைதான் அடுத்த வாரம் பெருகும், ஒருநாள் மருந்தே கேட்காமல் போகும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நிர்வாகி தணிகைவேலிடமும் சொன்னேன்.

நாள் 614, 11:30

நிர்வாகியின் பதில், பள்ளி முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில்:

"டீச்சர், அந்தப் பாடத்துலேர்ந்து ரெண்டு மார்க்தான் வருது. விட்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போங்க. ஆண்டு விழாவுக்கு சரக்குக் கப்பல் கேப்டன்தான் சிறப்பு விருந்தினர். கிளாஸைப் பளிச்சுனு வைங்க."

நாள் 620, 08:05

தொட்டிகள் ஏழும் காலி. கழுவித் துடைத்து, கோல ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே பிளாஸ்டிக் ரோஜா வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் நாறுகிறதாம். விருந்தினர் முகம் சுளிப்பாராம். ஏழு ரகமும் சாக்கடையில்.

ரோஜாக்களைப் பிடுங்கி நிர்வாகியின் மேசையில் வீசிவிட்டு வந்தேன். கப்பல் தாமதமாம், விழாவையும் தள்ளி வைத்துவிட்டார்கள்.

நாள் 629, 14:40

பெரிய கூடத்துப் பாசி பழுப்பாகிறது. மருந்தை இருமடங்கு ஊற்றியும் பூஞ்சை சாகவில்லை. எளிதில் சாகிற பூஞ்சையையெல்லாம் வாராவாரம் நாமே கொன்று, சாகாததற்கு இடம் ஒழித்துக் கொடுத்திருக்கிறோம். ஒரு ரகம் விழுந்தால் இன்னொன்று நிற்கும். நம்மிடம் இன்னொன்று இல்லை. ஆக்சிஜன் பதினேழு.

நாளைக்கும் மூச்சு வேண்டும் என்று யோசிக்க என்ன பெரிய படிப்பு வேண்டும்? எட்டாம் வகுப்புப் பாடம் போதுமே, படுபாவிகளா.

நாள் 631, 10:20

பிள்ளைகள் எல்லோரையும் காப்பறையில் வைத்துக் கதவை அடைத்துவிட்டோம். அங்கே சிலிண்டர் காற்று இருக்கிறது. பெரியவர்கள் வெளியே. கப்பல் விரைந்து வருகிறது. அதுவரை பிள்ளைகள் தாங்குவார்கள், நாங்கள் தாங்க மாட்டோம்.

ரேடியோவில் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். இப்போது யாரும் தடுக்கவில்லை. தணிகைவேல் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார். அழட்டும்.

காப்பறையிலிருந்து என் மாணவி ரஸியா: "டீச்சர், அந்தப் பூஞ்சை எங்க சட்டையிலயும் இருக்குமா?"

இருக்கும் கண்ணு, தலைமுடியிலும் இருக்கும் என்றேன்.

"அப்ப கப்பல்ல என்ன பாசி வச்சிருக்காங்க டீச்சர்?"

பிள்ளைகளோடு பூஞ்சையும் கப்பலேறிவிடும். பதிமூன்று வயதுப் பெண் கேட்கிறாள். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாள் 632, 16:50

எழுத முடியவில்லை. பேசுவதைக் கருவி பதிகிறது.

கப்பலுக்குச் சொன்னேன். பிள்ளைகளை ஏற்றும் முன் உடுப்புகளை வெளியே எறியுங்கள். மொட்டை போடுங்கள். தனி அறையில் வையுங்கள், சிலிண்டர் காற்றுக் கொடுங்கள். உங்கள் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். மூச்சிரைக்க மூன்று தரம் சொன்னேன்.

கப்பல்: "பதட்டப்படாதீங்க டீச்சர். எங்க தொட்டியும் உங்க ரகம்தான், சூப்பரா வளருது. அந்த மருந்தும் நாலு டிரம் இருக்கு. பூஞ்சை வந்தா ஊத்திக்கலாம்."

இன்னும் அதே மருந்து. முட்டாள்களே, அதைக் குடித்துத்தானே அது வளர்ந்தது!

நாள் 632

ரஸியா. கேட்கிறதா. கப்பல் வந்ததும் கதவைத் திறக்காதே. கத்துவார்கள், கெஞ்சுவார்கள். நான் சொன்னதையெல்லாம் செய்கிறோம் என்று ஒப்புக்கொள்ளும்வரை திறக்காதே. என்னால் இனி அவர்களோடு சண்டை போட முடியாது. நீதான் அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். பொறுமையாக நடத்து. முதலில், சாகாமல் தப்பிய ஒன்றிலிருந்து ஆரம்